அப்பாவின் ஈரலும் மரத்துப்போகும் மருந்தும்

பயம் எனக்கு ஓர் எலியின் வழியாகத்தான் வந்தது.

அதுவரை தைரியமாகத்தான் இருந்தேன். அப்பாவின் ஈரலில் வலது பக்கம் ஒரு கட்டி தெரிகிறது என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னதும், அம்மா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரவில்லை. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர், கட்டியோடு சேர்த்து ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றபோதும் கலங்கவில்லை. "மிச்ச ஈரல் மறுபடி வளந்துக்கும்மா, ஒடம்புல அது ஒண்ணுதான் அப்படி வளரும்" என்று அம்மாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பார்மசியில் மேற்படிப்புப் படிக்கிறேன். மருந்து பற்றி எதையாவது புதிதாகப் படித்துவிட்டால் யாரிடமாவது கொட்டித் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

டாக்டர் எழுந்து போகும்போது, போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஈரலை வெட்டும்போது ரத்தம் கொட்டும். அது கொட்டாமல் இருக்க, ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைக் கொஞ்ச நேரம் கிடுக்கி போட்டு மூடுவோம், அப்புறம் திறந்துவிடுவோம், மறுபடி மூடுவோம். அவ்வளவுதான்.

அவருக்கு அவ்வளவுதான். எனக்கு அங்கே ஆரம்பித்தது. மூடினால் உள்ளே இருக்கிற உயிரணுக்கள் என்ன செய்யும்? மூச்சு முட்டாதா? குமாரபாளையம் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. போனில் தேட ஆரம்பித்தேன். சங்ககிரி தாண்டுவதற்குள் எலி வந்துவிட்டது. சோதனைக்கூடத்து எலிகளின் ஈரலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தி, பிறகு திறந்துவிட்டு, என்ன ஆகிறது என்று பார்த்திருந்தார்கள். மூடியிருக்கும்போது ஏற்படும் சேதம் ஒரு பங்கு. திறந்துவிட்ட பிறகுதான் பெரிய சேதம். பட்டினி கிடந்த உயிரணுக்களுக்குள் ரத்தம் பாய்ந்து திரும்பும்போது வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன, வீக்கம், எரிச்சல், கொத்துக் கொத்தாக அணுக்கள் சாகின்றன. அதில் ஒரு படம். நல்ல ஈரல் ஒரே சீராக, கூடு கட்டினது போல. பக்கத்தில் மற்றது, கரையான் அரித்தது போல. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். முன் இருக்கையில் அப்பா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக்குள் அந்த ஈரல் இருந்தது.

அதே கட்டுரையின் பின்பகுதியில்தான் மருந்தும் இருந்தது. லிக்னோகெயின். உடம்பில் ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் சாதாரண மருந்து. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் ஏற்றிவிட்டு, அதன்பின் ரத்த ஓட்டத்தை நிறுத்தித் திறந்த எலிகளின் ஈரல் அவ்வளவாகக் கெடவில்லை. அந்த வெள்ளையணுக் கூட்டத்தை அது அடக்குகிறது போல. எனக்குப் பஸ்ஸிலேயே எழுந்து நிற்கவேண்டும் போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. துண்டு நெய்கிறோம். கரண்டு போனால் பட்டறையில் முதலில் கேட்பது அப்பாவின் சத்தம்தான்: "எல்லாச் சுச்சையும் அமத்து!" அமத்தாமல் விட்டால், கரண்டு திரும்பும்போது அத்தனை தறியும் ஒரே வீச்சில் உதறிக்கொண்டு கிளம்பும், இழை அறும், மோட்டார் காயில் கருகும். கரண்டு போனதால் கெடுவதைவிடத் திரும்பி வந்ததால் கெடுவதுதான் எங்களுக்கு அதிகம். அம்மாவுக்கு இதைச் சொல்லித்தான் விளக்கினேன்.

"அப்ப ஈரலுக்கும் சுச்சு இருக்குதா?" என்றாள் அம்மா.

"இந்த மருந்துதாம்மா சுச்சு!"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அம்மா அதைப் பற்றிக்கொண்டாள். ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் பார்க்க வந்தாலும், "எம் புள்ள ஈரலுக்குச் சுச்சு மருந்து ஒண்ணு கண்டுபுடிச்சிருக்குதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, அப்பா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "தண்ணி கிண்ணி எதும் பழக்கமுங்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல என் மாமாவே போதும். அம்மாவின் தம்பி, திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவர்.

"எங்க மச்சான் தீவாளிக்கே கலர் வாங்கிக் குடிக்கறவருங்க. அதுலயும் பாதி மிச்சம் வெப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் கரையான் அரித்த அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. வகுப்பில் உட்கார்ந்தாலும் அதுதான். நண்பர்கள் தட்டில் ஈரல் வறுவல் வாங்கிவைத்த அன்று கேன்டீனை விட்டே எழுந்து வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி. எங்களைப் போலச் சொல்லுக்குச் சொல் 'ங்க' போடவில்லை, ஆனால் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். சர்க்கரை உண்டா, இதயக் கோளாறு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போயிருக்கிறதா?

அம்மா முந்திக்கொண்டாள். "மொதல்லயே சொல்லிப்போடறேனுங்க டாக்டரம்மா. இவருக்கு மரப்பு ஊசி ஆகாதுங்க. பல்லுப் புடுங்கறப்பப் போட்டு உசுரே போகப் பாத்துது. அத மட்டும் போட்டுராதீங்க. ஆனா எம் புள்ள சொல்ற சுச்சு மருந்து இருக்குதுங்களே, அத எப்படியாச்சும் போட்டுருங்க."

"என்ன மருந்து?" டாக்டர் என்னைப் பார்த்தார்.

"லிக்னோகெயின் மேடம். ஈரலுக்குப் போற ரத்தத்த மூடித் தெறக்கறப்ப…" என்று ஆரம்பித்து, படித்த எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். நடுவில் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பல்லு புடுங்கறப்ப போட்டது என்ன மருந்துன்னு நெனைக்கிற?"

மரப்பு ஊசி என்பது என் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். அப்பாவுக்கு ஆகாத ஒன்று, பாம்பு மாதிரி. லிக்னோகெயின் என்பது நான் படித்த மருந்து. இரண்டும் ஒரே குப்பி என்று ஒரு நாளும் என் மண்டையில் உறைக்கவில்லை. இந்த மருந்தைப் பற்றித் தேர்வு எழுதியிருக்கிறேன். அப்பாவைக் கொல்லப் பார்த்த மருந்து என்று வீட்டில் நம்பியதைத்தான், அப்பாவின் ரத்தத்தில் ஏற்றுங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுங்களா?" என்றாள் அம்மா. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த மரப்பு ஊசி பயம் எங்கள் வீட்டில் சும்மா ஒரு பேச்சாக இருக்கவில்லை. ஒருமுறை தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டை பறந்து வந்து அப்பாவின் கட்டை விரலைப் பிளந்துவிட்டது. தையல் போட அழைத்துப் போன இடத்திலும் அம்மா முதல் வேலையாக, மரப்பு ஊசி ஆகாது என்று சொல்லிவிட்டாள். மரக்க வைக்காமலே தைத்தார்கள். அப்பா புதுத் துண்டு ஒன்றைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டார். நான் வெளியே வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து துண்டை விரித்துப் பார்த்தபோது நெசவு விலகிப் பல் பதிந்த ஓட்டைகள் இருந்தன.

டாக்டர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "பல்லு புடுங்கின அன்னிக்கு என்ன ஆச்சு? முழுசா சொல்லுங்க."

"ஊசி போட்டாங்க. கண்ணக் கட்டுச்சுங்க. வேர்த்து ஊத்துச்சு. அப்பறம் எதும் தெரியலீங்க."

"ஒடம்பு தடிச்சுதா? அரிப்பு? மூச்சு விட முடியாம?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அன்னிக்குச் சாப்ட்டிருந்தீங்களா?"

"சாப்டேனுங்க."

சட்டென்று வந்தது பதில். அம்மா திரும்பினாள். "எங்க சாப்ட்டீங்க? அன்னிக்குப் பொரட்டாசி சனிக்கெழமையுங்களே. தளிகை போட்டு எலை விரிச்சு, நீங்க வந்து கோவிந்தா சொல்றதுக்காவ எல்லாரும் ஒக்காந்திருந்தோம். ஆட்டோவுலயில்ல தூக்கிக்கிட்டு வந்தாங்க உங்கள?"

எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் படையலுக்கு முன் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்கக் கூடாது. அப்பா அதில் கண்டிப்பு. பல்வலி பொறுக்க முடியாமல் போய், இதோ வந்துவிடுகிறேன் என்று படையலுக்கு முன் கிளம்பியிருக்கிறார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "பல்லு டாக்டரு சாப்ட்டியான்னு கேட்டாருங்க. இல்லைன்னா, போய்ச் சாப்ட்டுட்டு வான்னு திருப்பி உட்டுருவாரு. ஒரு இட்லி தின்னாலும் விரதம் போச்சு. அதான்… சாப்டேன்னு சொல்லிப்போட்டேன்."

"அத ஏனுங்க இத்தன வருசமாச் சொல்லல?"

"சனிக்கெழமயும் அதுவுமாப் பொய் சொன்னேனில்ல. பெருமாள் அங்கயே குடுத்துட்டாருன்னு நெனச்சேன். அத எப்படி வெளிய சொல்றது?"

அம்மாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "தையலு போட்டப்பத் துண்டக் கடிச்சீங்களே சாமி! அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"வாயிலதான் துண்டு இருந்துச்சே" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னது இதுதான்: வெறும் வயிறு, வலி, பயம், ஊசி, அதற்கு ஆள் மயங்கி விழுவது சாதாரணம். இந்த மருந்து நிஜமாகவே ஒத்துக்காத ஆட்கள் மிக மிக அபூர்வம். இருந்தாலும் 'அப்படித்தான் இருக்கும்' என்பதை நம்பி அவர் எதுவும் செய்யமாட்டார். பெரிய வயிற்று ஆபரேஷன்களில் வலிக்காக இதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது அவர்கள் வழக்கம்தான். அப்பாவுக்கு வேண்டுமென்றால் முதலில் சோதித்துப் பார்க்கவேண்டும்.

"ஈரலைக் காப்பாத்துமா மேடம்?"

"எலிக்குக் காப்பாத்துது. மனுஷங்கள்ல கொஞ்சம் பேர்கிட்டப் பாத்திருக்காங்க, நம்பிக்கையா இருக்கு. ஆனா காப்பாத்தும்னு என்னால எழுதித் தர முடியாது. வலிக்குக் குடுப்பேன், ஈரலுக்கும் நல்லது செஞ்சா சந்தோஷம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. இந்த மருந்தைக் கழிக்கிறதே ஈரல்தான். அதையே வெட்டப்போறோம்."

இதையும் நான் படித்திருந்தேன். படித்தபோது அது ஒரு வரி.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என்னை வெளித் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏம் புள்ள, அந்த மருந்து இல்லாம ஆபரேசன் ஆகாதா?"

"ஆகுமுங்க மாமா."

"ஊருல மத்தவனுக்கெல்லாம் ஆகுதா இல்லியா?"

"ஆகுதுங்க."

"அப்பறம் எதுக்கு வம்பு? போர் நல்லா எறங்கிக்கிட்டிருக்கறப்ப எவனாச்சும் ராடை உருவிப் பாப்பானா? நாளைக்கு மச்சானுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தப் புள்ள சொல்லித்தான் போட்டாங்கன்னு ஆவும். உங்கம்மா மூஞ்சியில நீ எப்படி முழிப்ப?"

மாமா தப்பாக எதுவும் கேட்கவில்லை. அந்த மருந்து போடாமலேயே எத்தனையோ ஈரல்கள் பிழைத்திருக்கின்றன. போடாமல் விட்டு அப்பாவின் ஈரல் கருகினால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. போட்டு ஏதாவது ஆனால் ஆயுசுக்கும் நான்தான். வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

முடிவு செய்தது அப்பாதான். "டாக்டரம்மா சோதிச்சுப் பாக்கறேங்கறாங்க. பாத்துப்போடலாம். இல்லீன்னா இன்னொருக்காத் துண்டக் கடிக்கணுமில்ல" என்றார். அம்மா பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள், அப்பா பயப்படவில்லை என்று. அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பயமாக இருந்தது.

சோதனைக்கு ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறை. எதற்கும் தயாராக, மூச்சுக் குழாய், மருந்துகள் எல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார்கள். நான் பார்மசி படிக்கிறேன் என்பதால் கதவோரம் நிற்க விட்டார்கள். விடாமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு குப்பியும் எதற்கென்று எனக்குத் தெரிந்ததுதான் கஷ்டம். இது இதயம் நின்றால், இது மூச்சு நின்றால்.

முதலில் முழங்கைக்குக் கீழே தோலில் ஒரு துளி வைத்துச் சின்னதாக ஒரு குத்து. காத்திருந்தோம். மானிட்டரில் அப்பாவின் துடிப்பு ஓடியது. அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்தேன். என் கண் இமைத்தால் அது நின்றுவிடும் போல. பிறகு தோலுக்கு அடியில் கொஞ்சம். மறுபடி காத்திருப்பு. அப்பா நெற்றியில் வேர்வை பூத்தது. "என்ன பண்ணுது?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் பண்ணலீங்க. இந்த ரூம்புல காத்தே வரலியே."

ஏசியைக் கூட்டினார்கள். இன்னும் கொஞ்சம் மருந்து. தோல் தடிக்கவில்லை, சிவக்கவில்லை. அப்பா மற்றக் கையால் அந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு இன்னும் பலமாகக் கிள்ளினார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, தெரியவே மாட்டேங்குதுங்க! இதையா வேண்டாம்னேன் அன்னிக்கு?" கதவோரம் இருந்த என்னைக் கூப்பிட்டு, "நீ கிள்ளு அம்முணி" என்றார். நான் கிள்ளவில்லை. கண்ணை மானிட்டரிலிருந்து எடுக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை அவரைத் தள்ளிக்கொண்டு போன பிறகு நாங்கள் மூவரும் தாழ்வாரத்து இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அம்மா உதட்டுக்குள் கோவிந்தா சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா போய்ப் போய் டீ வாங்கி வந்தார், யாரும் குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை என் பக்கம் சாய்ந்தார்.

"இப்ப மூடியிருப்பாங்களா?"

"தெரியாதுங்க மாமா."

மறுபடி ஒரு டீ. "இப்பத் தெறந்திருப்பாங்களா?"

"தெரியாதுங்க மாமா."

"என்ன படிச்சியோ போ" என்றார், ஆனால் குரலில் கேலி இல்லை. அவரும் பயந்துபோயிருந்தார். மூடுவதையும் திறப்பதையும் பற்றி அவருக்குச் சொல்லித் தந்தது நான்தான். எனக்கு இருந்த பயத்தை அப்படியே மூன்று பேருக்குப் பங்கு வைத்திருந்தேன். உள்ளே எங்கேயோ கிடுக்கி விலகுகிறது, ரத்தம் திரும்பிப் பாய்கிறது என்று நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் என் வலது விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது.

அறுவை சிகிச்சை டாக்டர் வெளியே வந்தபோது வெயில் தாழ்வாரத்தின் பாதிவரை வந்திருந்தது. முடிந்துவிட்டது, கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம் என்றார். கூடவே, ஒரு ரத்தக்குழாய் இருந்த இடத்தில் எதிர்பார்த்ததைவிட ரத்தம் அதிகம், அதனால் நினைத்ததைவிடக் கூடுதல் முறை மூடவேண்டி வந்தது என்றார். அம்மா முதல் பாதியைக் கேட்டுக் கும்பிட்டாள். நான் இரண்டாம் பாதியை மட்டுமே கேட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சாயங்காலம் ஒருவரைத்தான் விடுவார்கள். அம்மா, "நீ போ, உனக்குத்தான் பாக்கத் தெரியும்" என்றாள். பச்சை அங்கி, முகமூடி. அப்பா கண் திறந்திருந்தார். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், கழுத்தில் குழாய். வலிக்கான மருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பம்ப்பில் ஒட்டியிருந்த தாளில் அதன் பெயரைப் படித்தேன். என் மருந்து.

நர்ஸ், "வலி இருக்காங்கய்யா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நல்லா இருக்கேனுங்க."

அப்பா எல்லாருக்கும் சொல்கிற பதில். நர்ஸ் நகர்ந்ததும் நாக்கால் உதட்டை நக்கினார். ஒருமுறை, இன்னொரு முறை.

"தண்ணி வேணுமுங்களாப்பா? இப்பக் குடுக்கக் கூடாதுங்க."

"தண்ணியில்ல சாமி. ஒதட்டச் சுத்தி எறும்பு ஊர்றாப்பல இருக்குது." பிறகு தலையை லேசாகத் திருப்பி, எங்கோ கேட்டுக்கொண்டிருப்பவர் போலப் புன்னகைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல பட்டறை இருக்குதா? தறி ஓடுது பாரு."

தறி எதுவும் ஓடவில்லை.

அந்த இரண்டு அறிகுறிகளும் பாடப் புத்தகத்தில் அடுத்தடுத்த வரிகள். உதட்டைச் சுற்றி மரமரப்பு. காதில் இரைச்சல். மருந்து ரத்தத்தில் அதிகமாகத் தேங்குகிறது என்று அர்த்தம். அதற்கடுத்த வரி வலிப்பு. அதற்கடுத்தது இதயம். மூடித் திறந்து வெட்டி மிச்சம் வைத்த ஈரலால் கழிக்க முடியவில்லை. அவருக்கோ ஊர் ஞாபகம் வந்தது போலச் சுகமாக இருந்தது.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். எல்லாப் படுக்கையிலிருந்தும் தலைகள் திரும்பின.

"சத்தம் போடாதீங்கம்மா. இங்க வந்தா எல்லாருக்கும் காதுல எதாச்சும் கேக்கத்தான் செய்யும்…"

"ஒதடு மரத்துப்போவுதுங்க! மருந்து எச்சாவுது, நிறுத்துங்க!"

உதடு என்றதும் நர்ஸ் முகம் மாறியது. பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தார். மயக்க மருந்து டாக்டர் வேகமாக வந்தார், ஓடி வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. அப்பாவின் கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். விரல்கள் லேசாகத் துடித்தன. "அந்தக் கொழுப்பு மருந்தை எடுத்துப் பக்கத்துல வைங்க" என்றார். பால் போல வெள்ளையாக ஒரு குப்பி வந்தது. விஷமாகிப்போன இந்த மருந்தை ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ள அதைத்தான் ஏற்றுவார்கள். அதையும் படித்திருந்தேன். அந்தக் குப்பி என் அப்பாவின் தலைமாட்டில் நின்றது.

என்னை வெளியே போகச் சொல்லவில்லை, மறந்துவிட்டார்கள். சுவரோடு ஒட்டி நின்றேன். மாமா கேட்டது நினைவுக்கு வந்தது: எதுக்கு வம்பு? அம்மா கதவுக்கு வெளியே கையில் அப்பாவின் செருப்போடு நிற்கிறாள். நான் என்ன சொல்லப்போகிறேன்? பெருமாளே, புத்தகத்தின் அடுத்த வரி வேண்டாம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சாமி கும்பிடுவதில் அவ்வளவு ஈடுபாடு இல்லாதவள் நான்.

"இப்ப என்ன கேக்குது?" டாக்டர் அப்பாவின் காதருகே குனிந்து கேட்டார். கேட்டபடியே இருந்தார்.

"ஓடுதுங்க… தூரமா ஓடுது." கொஞ்சம் கழித்து, "ரெண்டு தறிதான் ஓடுதாட்ட இருக்குதுங்க." இன்னும் கொஞ்சம் கழித்து அப்பா முகத்தைச் சுளித்தார். "இப்ப ஒண்ணுங் கேக்கல. வயிறுதான் வலிக்குதுங்க."

வயிறு வலிக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. வெள்ளைக் குப்பியைத் திறக்கவேண்டி வரவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அளவு குறைச்சுத்தான் வச்சிருந்தேன். இன்னும் குறைச்சிருக்கணும்" என்றார். என்னிடம் சொன்னாரா தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை. வலிக்கு வேறு மருந்து எழுதினார்.

வெளியே அம்மாவிடம், "தூங்கறாருங்கம்மா" என்று சொன்னேன். மாமாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தலையில் கையை வைத்து, "கூட இருந்தீல்ல" என்றார்.

ஆனால் அதோடு முடியவில்லை. ஈரல் அணுக்கள் செத்தால் அவற்றுக்குள் இருக்கும் சரக்கு ரத்தத்தில் கலக்கும். அதைத்தான் தினமும் அளக்கிறார்கள். மறுநாள் அந்த அளவு எகிறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் மேலே. டாக்டர்கள், இது எதிர்பார்த்ததுதான், திரும்புகிறதா என்று பார்க்கலாம் என்றார்கள். நான் வகுப்புத் தோழர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன், படிக்காத கட்டுரை பாக்கி இல்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு புதுப் பயம் இருந்தது. மாமா ஒரு கட்டத்தில் என் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எலியக் கொஞ்சம் தூங்க உடு புள்ள" என்றார்.

அடுத்த காலை அளவு இறங்கியது. அதற்கடுத்த நாள் நன்றாகவே இறங்கியது. ஆத்தூர் டாக்டரைத் தாழ்வாரத்தில் மறித்தேன்.

"மேடம், இது அந்த மருந்தாலயா?"

"தெரியாதும்மா."

"போடலைன்னா இன்னும் மேல போயிருக்குமா?"

"போயிருக்கலாம். இதே மாதிரியே கூட இருந்திருக்கலாம். அதுக்குத்தானே நூத்துக்கணக்குல ஆளுங்களை வச்சுப் பாக்கறாங்க. ஒரே ஆளை ரெண்டு தடவை வெட்டிப் பாக்க முடியாதே." போகத் திரும்பியவர் நின்றார். "ஒதடு மரத்துப்போச்சுன்னு நீ சொன்னது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அது பாராட்டுத்தான் என்று மாமா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கேட்டுத்தான் அந்த உதடு மரத்தது. அந்த மருந்து ஈரலைக் காத்ததா என்று எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. கிட்டத்தட்டக் கொல்லப் பார்த்தது என்று மட்டும் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்க்க வழியில்லை. எலிகளிடம் இருந்தது அந்த வசதி.

அப்பாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் பக்கம் படுக்கை. ரசஞ்சோறு இறங்கியது. அம்மாவிடம் பட்டறை பற்றி விசாரித்தார், பாவு சுற்றியாகிவிட்டதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரல் சோர்ந்தால் முதலில் மஞ்சள் ஏறுவது வெள்ளை விழியில்தான். டியூப் லைட்டில் எல்லார் கண்ணும் மஞ்சளாகத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அவர் கண் அயர்ந்தால் விழிக்கும்வரை காத்திருப்பேன். விழித்ததும் தலையணையைச் சரிசெய்வது போலக் குனிவேன், போர்வையை இழுத்துவிடுவது போலக் குனிவேன். யாருக்கும் தெரியாமல் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை அப்படிக் குனிந்தபோது அப்பா என் கையைத் தள்ளிவிட்டார். "தலகாணி நல்லாத்தான் இருக்குது. எத்தனவாட்டி அத இழுப்ப?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"தெரியுது வா." தலையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். தையல் தழும்பு ஓடிய கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் இமைகளைப் பிரித்து, ஒரு கண்ணை அகலமாகத் திறந்து காட்டினார். "பாரு. மஞ்ச இருக்குதா?"

பார்த்தேன். ஓரத்தில் சின்னச் சிவப்பு இழைகள். மற்றபடி வெள்ளை.

"இல்லீங்கப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. இந்தா, இந்தக் கண்ணு."

அந்தக் கண்ணையும் பார்த்தேன்.